முதல் வரிசையில் ஒரு சார்

பாதம் ரெண்டையும் தரையில அழுத்தி வை. முதுகை சீட்டோட ஒட்டு. கை ரெண்டையும் தொடைக்கு அடியில குடுத்து, உள்ளங்கை மேல பாத்தாப்புல வச்சு, அதுமேல உக்காரு. வாய் பேசக் கூடாது, மனசு மட்டும் பேசலாம். பாக்குறவங்க நெனைப்பாங்க, ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு லிப்ஸ்டிக் கலையாம சும்மா உக்காந்திருக்கான்னு. சும்மா இல்ல. சைலண்ட் ரிவ்யூன்னு இதுக்குப் பேரு. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கட்டாயம் செய்யணும்னு ட்ரெய்னிங்ல மண்டையில ஏத்தி விட்டிருக்காங்க. இப்ப ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன செய்வேன், எந்தக் கதவைத் திறப்பேன், என்ன சொல்லிக் கத்துவேன், யாரை உதவிக்குக் கூப்பிடுவேன். இதை மட்டும் நெனைக்கணும், வேற நெனைப்பு வரவே கூடாது. நல்லாத்தான் சொன்னாங்க. எனக்கு எதிர்ல முதல் வரிசையில எங்கப்பா உக்காந்திருக்காரு. பயணிகளைப் பாத்தாப்புல என் சீட்டு, என்னைப் பாத்தாப்புல அவர் சீட்டு, நடுவுல ஒரு ஆள் நடக்கிற இடம். மதுரை வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இப்படியே மூஞ்சிக்கு மூஞ்சி உக்காந்திருக்கணும். அவர் என்னைப் பாக்கல. மடியில கை வச்சுக்கிட்டு, பெல்ட்டு சரியா மாட்டியிருக்கான்னு குனிஞ்சு குனிஞ்சு பாக்குறாரு. சரியாத்தான்பா மாட்டியிருக்கு. ஏறும்போது நானே பாத்தேன். 'சீட் பெல்ட் ப்ளீஸ், சார்'னு சொல்லிட்டுப் போனேன். சார். பெத்த அப்பனுக்கு நான் வச்ச பேரு.

முதல்ல இருந்து வா. பாதம் தரையில. எந்தக் கதவு, இடது பக்கம் முன்கதவு, என்னோட கதவு. திறக்கிறதுக்கு முன்னாடி கண்ணாடி வழியா வெளிய பாரு, நெருப்பு இருக்கா, புகை இருக்கா. எனக்குள்ளதான் எரியுது. வேலைக்குச் சேந்ததுல இருந்து ஹைதராபாத், கோவை, கொச்சின்னு போட்டுட்டிருந்தவங்க இந்த வாரந்தான் மதுரை போட்டாங்க. வியாழக்கிழமை மதுரைக்கு வர்றேன்பா, ஆனா இறங்க முடியாது, ஆளை இறக்கி ஆளை ஏத்துற நேரந்தான், உடனே திரும்பிருவோம்னு போன்ல சொன்னேன். அப்படியா பாப்பான்னாரு, அவ்வளவுதான், போனை அம்மாகிட்டக் குடுத்துட்டாரு. விருதுநகர்ல இருக்கிற மனுசன், விருதுநகர் போறதுக்காகச் சென்னைக்கு ரயிலேறி வந்து, மதுரைக்கு பிளேன் டிக்கெட் எடுத்து, கல்யாணங்காச்சிக்குக் கட்டுற வேட்டியைக் கட்டிக்கிட்டு என் விமானத்துலயே ஏறுவாருன்னு எவளுக்குத் தெரியும். இந்தக் கூத்தெல்லாம் எங்க வீட்டுலதான் நடக்கும். படியேறி வர்றவங்களுக்குக் கை கூப்பிக்கிட்டு நிக்கிறேன், பக்கத்துல ரெபெக்கா மேடம், இந்த விமானத்துல எங்களுக்கெல்லாம் தலைமை அவங்கதான். ஏறி வந்த கூட்டத்துக்கு நடுவுல ஒரு வேட்டி, ஒரு பவுடர் வாசனை, வாயெல்லாம் பல்லு. எங்கப்பாதான். கூப்பின கையைக் கூடப் பிரிக்காம 'குட் மார்னிங் சார், வெல்கம்'னேன். அவருக்கு ஒரே சிரிப்பு. வேலை நேரத்துல அப்படித்தான் சொல்லணும் போல, அது ரூல்சு போலன்னு நெனச்சுக்கிட்டாரு. 'வணக்கம், வணக்கம்'னு கண்ணடிச்சுட்டுப் போய் உக்காந்தாரு. நானும் அது ரூல்சுன்னே நெனச்சுக்கிட்டேன். அப்படி ஒரு ரூல்சும் கிடையாது. போன மாசம் என்கூட வேலை பாக்குற ஹரிணியோட அம்மா ஏறினப்ப ரெபெக்கா மேடமே அவங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு போட்டோ எடுத்துக் குடுத்தாங்க.

காது அடைக்குது. இறங்க ஆரம்பிச்சாச்சு. அப்பாவுக்கும் அடைச்சிருக்கும், சுண்டு விரலைக் காதுல விட்டு ஆட்டுறாரு. எச்சிலை முழுங்குங்கப்பா, சரியாப் போயிரும். இதைச் சொல்றதுக்கு ஒரு செகண்ட் ஆகும். வேற யாராச்சுமா இருந்தா சொல்லியிருப்பேன், சைகையாவது காட்டியிருப்பேன். ஆனா நான் காட்டினா ரெபெக்கா மேடம் பாப்பாங்க, இதோ எனக்குத் தோள் இடிக்கிற மாதிரி பக்கத்துச் சீட்டுல உக்காந்திருக்காங்க, யாருன்னு ஏற்கெனவே ஒரு தடவை கேட்டாச்சு. எல்லாத்துக்கும் மூலம் அந்த ட்ரெய்னிங் முதல் நாள். ஒவ்வொருத்தியா எந்திரிச்சுப் பேரு, ஊரு, அப்பா என்ன செய்றாருன்னு சொல்லணும். பேங்க் மேனேஜர்னா ஒருத்தி. துபாய்ல இன்ஜினியர்னா இன்னொருத்தி. என் முறை வந்ததும் நாக்கு தானாப் புரண்டுச்சு, அப்பா ரயில்வேல இருக்காங்க மேம்னேன். ரயில்லதான் இருக்காரு. மதுரைக்கும் கோவில்பட்டிக்கும் நடுவுல, விடிஞ்சதுல இருந்து இருட்டுற வரைக்கும், தோள்ல டீ கேனைத் தொங்கவிட்டுக்கிட்டு இருக்காரு. லைசென்சு கிடையாது. செக்கிங் வந்தா கேனோட கக்கூசுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு நிப்பாரு. இதை அந்த ஏசி ரூம்ல எந்திரிச்சு யாரு சொல்லுவா. அப்புறம் ரெபெக்கா மேடம் நாலு பேர் முன்னாடி சொன்னாங்க, ஈஸ்வரி ரயில்வே ஆபீசர் பொண்ணு, அதான் டைம்னா டைமுக்கு வந்து நிக்கிறான்னு. ஆபீசர்னு நான் சொல்லல. இல்லைன்னும் சொல்லல. பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். காளீஸ்வரியில இருந்த காளியையும் பேட்ஜுல வெட்டியாச்சு, அப்பா காளின்னுதான் கூப்பிடுவாரு, அந்தப் பாதியைத்தான் வெட்டியிருக்கேன் பாரு.

ரிவ்யூ. உதவிக்கு ஆள். அவசரம்னா பயணிகள்ல யாரைக் கூப்பிடுவன்னு இப்பவே மனசுக்குள்ள முடிவு பண்ணி வைக்கணும். பலமான ஆளா இருக்கணும், பதறாத ஆளா இருக்கணும், சொன்னா சொன்னபடி கேக்கிற ஆளா இருக்கணும். மூணாவது வரிசையில ஒருத்தன் ஜிம்முக்குப் போற உடம்பு, ஆனா மேகத்துல லேசாக் குலுங்கினதுக்கே முன்சீட்டைப் பிடிச்சுக்கிட்டான். ரெண்டாவது வரிசைக்காரர் தூங்குறாரு. குலுங்கினப்ப சிலை மாதிரி இருந்தது முதல் வரிசை வேட்டிதான். அவருக்கு இதெல்லாம் குலுக்கலா. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்கு எல்லாரும் நர்சிங் சேரு, நர்சிங் சேருன்னு உயிரை எடுத்தாங்க. நான் ஏர்ஹோஸ்டஸ்னதும் அம்மா தலையில அடிச்சுக்கிட்டா, படிக்க வச்சது வானத்துல போய் எச்சில் கப்பு பொறுக்கவான்னு. அப்பாதான் சிரிச்சாரு. 'ஓடுற வண்டியில நின்னு பொழைக்கிறது நம்ம வீட்டுக்குப் புதுசா, போகட்டும் விடு'ன்னாரு. அன்னிக்கு அது எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு. ட்ராலியைத் தள்ளிக்கிட்டு நடக்கப் பழகினப்ப மத்தவளுங்கல்லாம் ஆள் மேல சாய்ஞ்சு விழுந்தாளுங்க, நான் மட்டும் நட்டுவச்ச மாதிரி நின்னேன். காலைக் கொஞ்சம் அகட்டி, முட்டியை இளக்கி விட்டுக்கிட்டா வண்டி எந்தப் பக்கம் ஆடினாலும் இடுப்புக்கு மேல ஆடாது, சின்ன வயசுல ரயில்ல அப்பா பின்னாடியே பெட்டி பெட்டியா நடந்ததுல வந்த பழக்கம். எப்படிம்மா இவ்வளவு பேலன்ஸ்னு ட்ரெய்னிங் சார் கேட்டாரு. யோகா கிளாஸ் போறேன் சார்னேன். யோகாவாம் யோகா. விருதுநகர்ல எங்க தெருவுல யோகா சொல்லிக் குடுத்தது எந்தச் சாமியாருன்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேனோ.

ஜன்னலோரம் ஒரு அம்மா இருக்காங்க, நரைச்ச தலை, மூக்குக் கண்ணாடி, நடுச்சீட்டு காலி. அந்தம்மா இப்பப் பின்னாடி சாய்ஞ்சுக்கிட்டாங்க, அப்பா எட்டிக் கீழ பாக்கட்டும்னு. அவர் என்ன தேடுறாருன்னு எனக்குத் தெரியும். தண்டவாளம். தன் லைன் மேல இருந்து எப்படித் தெரியுதுன்னு பாக்குறாரு. அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும், ஏறினதுமே அப்பா சொல்லிட்டாரு. டீ குடுக்கப் போனப்ப என் கையைத் தொட்டு, 'உங்கப்பாவாமே, வாய் ஓயாம உன் பேச்சுத்தாம்மா'ன்னாங்க. நான் சுகர் வேணுமா மேம்னு கேட்டேன். அதுக்கப்புறந்தான் அந்தக் கப்பு விஷயம். இதை நெனைக்கக் கூடாதுன்னுதான் கதவு, நெருப்பு, புகைன்னு சுத்திச் சுத்தி வர்றேன். ஹரிணி பின்னாடி வேலையா இருக்கா, நான் ஒத்தையில ட்ராலியோட போராடிக்கிட்டு இருக்கேன், குப்பை எடுக்க நேரமாகுது. அப்பா எந்திரிச்சுட்டாரு. தன் கப்பு, அந்தம்மா கப்பு, பின் வரிசை, அதுக்குப் பின் வரிசை. குடிச்சது போக மிச்சத்தை ஒரே கப்புல ஊத்தி, காலிக் கப்பை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கிட்டே வர்றாரு, ரயில்ல எடுக்கிற மாதிரி, அந்த விரலுக்கு வேற எதுவும் தெரியாது. ஜனங்களும் நீட்டுறாங்க. ஒருத்தர், 'இன்னொரு டீ கிடைக்குமா?'ன்னு அவர்கிட்டயே கேக்குறாரு. 'இந்தா சொல்றேன் சார்'னு இவரும் சொல்றாரு. நெஞ்சு உயரத்துக்குக் கப்பை அடுக்கிப் பிடிச்சுக்கிட்டு எங்க கிச்சன் பக்கம் வந்து நிக்கிறாரு. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். ரெபெக்கா மேடம் பதறிப் போய், சார், நீங்க ஏன் எடுக்கிறீங்கன்னாங்க. 'புள்ள ஒத்தையில கெடந்து கஷ்டப்படுதே, அதான்'னாரு. மேடம் என் பக்கம் திரும்பினாங்க. கோவமாக்கூடக் கேக்கல. 'ஈஸ்வரி, உனக்குத் தெரிஞ்சவங்களா?'

'நோ மேம்'. அதோட விட்டிருக்கலாம். விடலையே. அவரைப் பாத்து, ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்த குரல்ல, 'சார், ப்ளீஸ் கோ பேக் டு யுவர் சீட்'னேன். இங்கிலீஷ்ல. எங்கப்பாகிட்ட நான் இங்கிலீஷ் பேசினேன். அவருக்குப் புரிஞ்சிருக்காது, ஆனா புரிஞ்சுருச்சு. முதல்ல ஏறினப்ப சிரிச்சாரே, அந்தச் சிரிப்பு இன்னும் உதட்டுல பாதி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அது போறதை நான் பாத்தேன். கப்பை மெதுவா மேடை மேல வச்சாரு. ஒண்ணு சரிஞ்சதைச் சரியா நிமித்தி வச்சாரு. 'சரிங்க மேடம். தெரியாமச் செஞ்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க'ன்னாரு. என்கிட்ட. ஒரு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், ஏன் காளி இப்படிப் பண்றன்னு கேட்டிருந்தா மானம் போயிருக்கும், போகட்டும், போனது போச்சுன்னு இருந்திருப்பேன். மேடம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவருக்கு இது பழக்கம். ஒன்பதாவது படிக்கிறப்ப ஸ்கூல்ல கன்னியாகுமரிக்கு ரயில்ல கூட்டிட்டுப் போனாங்க. பெட்டி முழுக்க எங்க கிளாஸ். தூரத்துல இருந்தே குரல் கேட்டுச்சு, டீ, டீ, சூடா டீ. வீட்டுல பக்கத்துல இருக்கிறவங்களுக்கே கேக்காத மாதிரி பேசுற மனுசனுக்கு ரயில்ல மட்டும் அடிவயித்துல இருந்து ஒரு குரல் வரும், கடைசிப் பெட்டி வரைக்கும் போகும். பக்கத்துல வந்தாரு, என்னைப் பாத்தாரு, குரல் நின்னுச்சு. என் பக்கத்துல இருந்த பிள்ளைங்க யூனிபார்மைப் பாத்தாரு. கேனைத் தோள் மாத்திக்கிட்டு எங்களைத் தாண்டிப் போயிட்டாரு. எங்க பெட்டியில அன்னிக்கு யாருக்கும் டீ விக்கல. நான் அப்பாடான்னு மூச்சு விட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு, எனக்கு அழுகை வரல, அப்பாடான்னுதான் இருந்துச்சு. சுத்திட்டு வீட்டுக்கு வந்ததும், ஜன்னல் சீட்டு கிடைச்சுதா பாப்பான்னு மட்டும் கேட்டாரு.

சக்கரம் இறங்குற சத்தம். கீழ கண்மாய், தென்னந்தோப்பு, ரோட்டுல லாரி. பாதம் தரையில. கத்த வேண்டியது என்ன, 'பெல்ட்டைக் கழட்டுங்க, எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க, இந்தப் பக்கம் வாங்க'. கத்துறதுக்கு ட்ரெய்னிங்ல தனி வகுப்பு. எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க, எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க. அதுலயும் எனக்குத்தான் முதல் மார்க்கு. சத்தம் எங்க இருந்து வருதும்மா இந்தச் சின்ன உடம்புலன்னு கேட்டாங்க. அதுக்கும் நான் ஏதோ சொன்னேன், ஸ்கூல்ல பாட்டுப் போட்டின்னு. அப்பா, ஒரு தடவை பாருங்க. பாத்தா நான் சிரிச்சிருவேன், அப்பான்னு சொல்லிருவேன், எதிர்ல இருக்கிற உங்க காதுக்கு மட்டுமாச்சும் கேக்கும். பாக்க மாட்டேங்கிறாரு. கோவத்துல பாக்காம இல்ல, அதான் கொல்லுது. பாத்தா எங்கயாச்சும் தன் மூஞ்சி காட்டிக் குடுத்துருமோன்னு பயந்து பாக்காம இருக்காரு. கதவுகிட்ட நிக்கும்போது சொல்லிருவேன். முதல் வரிசை, முதல் ஆளா வருவாரு, மேடம், இவங்க எங்கப்பான்னு சொல்லிருவேன். ரயில்ல டீ விக்கிறாருன்னும் சொல்லணுமா. அது வேணாம். இல்ல, சொல்லணும். அப்பான்னு மட்டும் சொன்னா, ஓ, ரயில்வே ஆபீசரான்னு கை குடுப்பாங்க, இவர் வேட்டியில கையைத் துடைச்சுட்டுக் குடுப்பாரு. தரையில தட்டிருச்சு. ஒரு குதி, இன்னொரு குதி, அப்புறம் பிரேக் பிடிக்கிற இழுப்புல எல்லாத் தலையும் முன்னாடி போய்ப் பின்னாடி வந்துச்சு. அவர் தலை மட்டும் ஆடல.

கதவைத் திறந்ததும் மதுரை வெயில் மூஞ்சியில அடிச்சுச்சு. முன்னாடியும் படி போட்டாச்சு, பின்னாடியும் போட்டாச்சு. நான் கதவுகிட்ட, பக்கத்துல ரெபெக்கா மேடம், தேங்க்யூ சார், தேங்க்யூ மேம், ஹேவ் எ நைஸ் டே. வாய் அது பாட்டுக்குச் சொல்லுது, மனசு ஒவ்வொரு வேட்டிக்கும் துடிக்குது. அப்பா எந்திரிக்கல. மூணாவது வரிசை போயாச்சு, ஏழாவது, எட்டாவதெல்லாம் போகுது, காலை ஒடுக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு. கூட்டம் கொஞ்சம் விட்டதும் எந்திரிச்சாரு. இந்தா வர்றாரு, சொல்லப் போறேன்னு தொண்டையைச் சரி பண்ணினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி, வர்றவங்களுக்கு வழி விட்டு ஒதுங்கி ஒதுங்கி, பின்கதவைப் பாத்து நடக்க ஆரம்பிச்சுட்டாரு. ஜன்னலோரத்து அம்மாதான் என்கிட்ட வந்தாங்க. தேங்க்யூ மேம்னேன். அவங்க சிரிக்கல. ரெபெக்கா மேடத்துக்குக் கேக்காம, மெதுவா, 'அவர் பின்னாடி வழியா இறங்குறேன்னு சொல்லிட்டாரும்மா. இப்படி வந்தா உனக்குச் சங்கடமா இருக்குமாம்'னு சொல்லிட்டுக் கைப்பிடியைப் பிடிச்சுப் படியிறங்கிப் போயிட்டாங்க. கேவலம். இதுக்கு வேற வார்த்தை என்ன இருக்கு. இன்னும் ஆள் இறங்குறாங்க, கதவை விட்டு நான் நகரக் கூடாது, இது நெசமாவே ரூல்சு. கதவுகிட்ட நின்னபடியே வெளிய எட்டிப் பாத்தேன். பின்படியில இறங்கினவங்க பஸ்ஸுக்கு வரிசையாப் போறாங்க. கேன் இல்லைன்னாலும் இடது தோள் இறங்கியே இருக்கிற ஒரு வெள்ளைச் சட்டை, எல்லாருக்கும் கடைசியில, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போகுது.

கூப்பிட்டுட்டேன். அப்பா. ட்ரெய்னிங் குரல்ல இல்ல, அது எப்படி வந்துச்சுன்னு தெரியல, அடிவயித்துல இருந்து, கடைசிப் பெட்டி வரைக்கும் கேக்கிற குரல்ல. சாமான் இறக்கிக்கிட்டிருந்தவங்க திரும்பினாங்க. பஸ்ஸுல ஏறப் போனவங்க திரும்பினாங்க. என் பக்கத்துல ரெபெக்கா மேடம் சொல்லிக்கிட்டிருந்த தேங்க்யூவை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. அவரும் திரும்பிட்டாரு. வெயிலுக்குக் கையை நெத்தியில வச்சு என்னைப் பாத்தாரு, ஒரு நிமிஷம் அந்த மூஞ்சி மலர்ந்துச்சு, சத்தியமா மலர்ந்துச்சு. அப்புறம் என் பக்கத்துல நிக்கிற மேடத்தைப் பாத்துட்டாரு. மூஞ்சி மாறிருச்சு. சட்டைப் பையைத் தொட்டுப் பாத்தாரு, இடுப்பைத் தொட்டுப் பாத்தாரு, ரெண்டடி முன்னாடி வந்து, இத்தனை பேருக்கும் கேக்கிற மாதிரி, மரியாதையா, 'எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டேனா மேடம்?'னாரு.